கொடி மாறுச்சு... கோட்டை மாறுச்சு... ஜனங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?

திண்டிவனத்துல திருவண்ணாமலை பஸ் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடிச்சுட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள அந்தக் காட்சி வந்துடும். யாரோ ஒரு பெரிய வாண்டுப் பையன் உருண்டைக் கல்லையெல்லாம் அள்ளிக் கொட்டிட்டுப் போன மாதிரி மலைகள். அந்தக் கல் குவியலுக்கு மேல கோட்டைச் சுவர். இதுதான் செஞ்சி! விழுப்புரம் மாவட்டம். சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர்.

'அட, நம்ம தேசிங்கு ராஜா ஊரு!'ன்னு சொல்றீங்களா? கரெக்ட். ஆனா தேசிங்கு இந்தக் கோட்டையை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை பாஸ்! அவருக்கு முன்னாடியும் பின்னாடியும் இங்கே வந்து போனவங்க லிஸ்ட் ரொம்பப் பெரிசு. கோனார்கள், விஜயநகரத்து நாயக்கர்கள், 1649-ல் பிஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், அப்புறம் ஆற்காடு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரங்க, 1761-ல் ஆங்கிலேயர், நடுவுல 1780-ல் ஹைதர் அலி... உஸ்ஸ்! பிஜப்பூர்காரங்க இதுக்கு 'பாத்ஷாபாத்'னு பேர் வெச்சாங்க. மொகலாயர் 'நஸ்ரத்கட்'னு மாத்தினாங்க. வெள்ளைக்காரங்க வாயில அது 'ஜிஞ்சி' ஆச்சு. 'கிழக்கின் ட்ராய்'னு ஒரு பட்டம் வேற!

இத்தனை கொடி மாறினதுல சுத்துப்பட்டு ஜனங்களை ஒரு தடவையாவது, 'ஏம்ப்பா, இந்தச் சண்டை உங்களுக்கு வேணுமா?'ன்னு யாராச்சும் கேட்டிருப்பாங்களா? இந்தக் கேள்வியைத் தோள் பையில போட்டுக்கிட்டு மலை ஏறலாம், வாங்க!

கல்லு மேல கல்லு!

செஞ்சிக் கோட்டைங்கறது ஒரு மலை இல்லை, மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் முக்கோணமா இணைச்சு சுமார் 13 கிலோமீட்டருக்குச் சுவர் ஓடுது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் இருக்கு. ஆனா படின்னு நம்பி வேகமா ஏறினா பாதியிலேயே நாக்கு தள்ளிடும். கூட வர்ற குரங்குங்களுக்கு அந்தப் பிரச்னையே இல்லை. உங்க பிஸ்கட் பாக்கெட் மேல மட்டும் குறியா வரும்.

கீழே கல்யாண மகால் அழகா அடுக்கடுக்கா நிக்குது. பக்கத்துலேயே குதிரை லாயம், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம். வேங்கடரமணர் கோயில் ஒரு பக்கம். சாதத்துல்லா கான் பேர்ல ஒரு மசூதி இன்னொரு பக்கம். ராஜகிரிக்கு ஏறுற வழியில கமலக்கண்ணி அம்மன் கோயில். ஊருக்குக் கொஞ்சம் தள்ளி திருநாதர்குன்றுல பாறையில வரிசையா 24 சமண தீர்த்தங்கரர்கள். எல்லாச் சாமியும் சண்டையில்லாமப் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஊர் இது. சண்டை போட்டதெல்லாம் சிம்மாசனங்கள்தான்.

ராஜகிரி உச்சிக்கு முன்னாடி ஒரு கிளைமாக்ஸ் இருக்கு. இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவுல சுமார் 60 அடி ஆழப் பிளவு. மேல ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டா போதும், மேலே இருக்கறவரை ஒருத்தரும் நெருங்க முடியாது. ராஜா சேஃப்!

ஆனா கீழே இருக்கற கிராமம்? அதுக்கு ஏது பாலம்?

உச்சியில காத்து வாங்கிட்டு உக்காந்திருந்தப்போ, எங்க செட்டுல ஒருத்தன் எடுத்து விட்டான். 'மச்சி, இந்த எலெக்‌ஷன், பார்ட்டி எல்லாம் வேஸ்ட்டுடா. நல்ல சர்வாதிகாரி ஒருத்தன் வந்தான்னு வெச்சுக்கோ, அஞ்சே வருஷத்துல நாடு உருப்பட்டுடும். பக்கத்து நாட்டுக்காரனும் வாலைச் சுருட்டிக்கிட்டு இருப்பான்.'

இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. கேன்டீன்ல, ஹாஸ்டல் மொட்டை மாடியில, ஏன், வீட்டுல அப்பாகிட்டகூட! அவன் உக்காந்து பேசின இடம் இருக்கே, அதுதான் ஜோக். அவன் கேட்ட 'ஒரே ஆள் முடிவெடுக்கற' ஆட்சியைக் கொஞ்ச நஞ்சமில்லை, பல நூறு வருஷம் அனுபவிச்ச மலை அது!

எட்டு வருஷம் ஒரு முற்றுகை

1689-ல சிவாஜியோட மகன் ராஜாராம், மொகலாயர் கையில சிக்காம மகாராஷ்டிரத்துலேர்ந்து தப்பிச்சு செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். விடுவாரா ஔரங்கசீப்? அடுத்த வருஷமே தளபதி ஜுல்ஃபிகர் கான் படையோட வந்து இறங்கிட்டார். முற்றுகை ஆரம்பிச்சது 1690. கோட்டை விழுந்தது 1698. நீங்க ஆறாம் கிளாஸ் சேர்ந்தப்போ ஆரம்பிச்ச சண்டை, காலேஜ் செகண்ட் இயர் படிக்கும்போதுதான் முடியுதுன்னா எப்படி இருக்கும்!

இத்தனைக்கும் பிடிக்க வந்த ஆளு கிடைச்சாரா? இல்லை. கோட்டை விழறதுக்குள்ள ராஜாராம் எஸ்கேப்!

நடுவுல நடந்த கூத்துகள் தனி. ஔரங்கசீப்போட சொந்த மகன் காம் பக்‌ஷ், எதிரி ராஜாராமோட ரகசியமாப் பேச்சு நடத்தினார்னு சொல்லி, மொகலாயத் தளபதிகளே அவரைக் கைது பண்ணினாங்க. ஜுல்ஃபிகர் கான் மேலேயே, 'வேணும்னே இழுத்தடிக்கறார்'னு சந்தேகம். மொகலாயப் பாசறையில சாப்பாட்டுக்கே பஞ்சம் வந்தது. முற்றுகை தொடங்கினப்போ ஔரங்கசீப்புக்கு வயசு 70-ஐத் தாண்டிடுச்சு. 'பாதுஷா, இந்தத் தெற்கத்திப் போர் போதும், திரும்பிடலாம்'னு சொல்லித் தடுக்க ஒரு சபை இல்லை, எதிர்க்கட்சி இல்லை, பத்திரிகை இல்லை. 1707-ல அவர் கண் மூடினதும் தக்காணத்துலதான்.

எட்டு வருஷம் ரெண்டு படைகள் தின்ன சோறு எங்கேயிருந்து வந்திருக்கும்? கோட்டைக்குள்ள இருக்கற அந்தப் பிரமாண்ட களஞ்சியத்தைப் பாருங்க. அதை நிரப்பின நெல் மலை மேல விளையலை. சுத்தி இருந்த வயல்ல விளைஞ்சது. ஜெயிச்சது யாரா இருந்தாலும் வரி கட்டினது ஒரே ஆளுதான்.

22 வயசு ராஜா

கிட்டத்தட்ட நம்ம வயசு ஹீரோ கதைக்கு வருவோம். மொகலாயர் சார்புல செஞ்சியைக் கவனிச்சுக்கிட்டவர் புந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங். அவர் 1714-ல இறந்ததும் மகன் தேஜ் சிங் வந்து பொறுப்பை எடுத்துக்கிட்டார். நம்ம ஜனங்க வாயில அவர் 'தேசிங்கு'. வயசு 22-ன்னு சொல்வாங்க.

ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் ஒத்துக்கலை. 'பாக்கி வரியைக் கட்டு'ன்னார். தேசிங்கு, 'இது எங்கப்பாவுக்கு பாதுஷா கொடுத்த உரிமை'ன்னார். பேசித் தீர்க்கக்கூடிய கணக்கு வழக்கு பாஸ் இது! இன்னைக்கா இருந்தா கோர்ட்டுக்குப் போய் பத்து வருஷம் வாய்தா வாங்கியிருப்பாங்க. அன்னைக்கு அந்த ஆப்ஷன் இல்லை. நவாப் பெரும் படையோட வந்தார். தேசிங்குகிட்ட இருந்ததோ சில நூறு பேர். 1714 அக்டோபர்ல ஒரே நாள்ல கதை முடிஞ்சது. கூடவே நின்னு செத்தவர் உயிர் நண்பர் மகபத் கான். ஒரு ராஜபுத்திரனும் ஒரு முஸ்லிமும் தோளோடு தோள் நின்னு விழுந்தாங்க. செட்டிகுளக் கரையில தேசிங்குக்கு எரியூட்டின இடத்தை இப்பவும் காட்டறாங்க. அவர் மனைவி உடன்கட்டை ஏறினாங்க. அவங்க நினைவாத்தான் ராணிப்பேட்டைன்னு பேர் வந்ததாச் சொல்வாங்க.

தெருக்கூத்துல, கதைப்பாட்டுல, 1960-ல வந்த எம்.ஜி.ஆர். படத்துலன்னு தேசிங்கு இன்னமும் குதிரையில போய்க்கிட்டே இருக்கார். வீரம் சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தச் சண்டையில ஆற்காட்டு ஜனங்களுக்கும் செஞ்சி ஜனங்களுக்கும் என்ன பகை? ஒண்ணுமே இல்லை! ரெண்டு பேரும் ஒரே சந்தையில மாடு வாங்கினவங்க. சிம்மாசனத்துல உக்காந்த ரெண்டு பேரோட மானப் பிரச்னை, ஊருக்கே யுத்தம் ஆச்சு.

இதைத்தான் 1795-ல ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட் ஒரு சின்னப் புத்தகமா எழுதினார். விஷயம் சிம்பிள். போரை முடிவு பண்றது மக்கள்னா, உயிரும் பணமும் தங்களோடதுங்கறதால ரொம்ப யோசிப்பாங்க. முடிவு பண்றது நாட்டுக்கே முதலாளியா இருக்கற ஒரு ராஜான்னா, அவருக்கு அதுல நஷ்டமே இல்லை. விருந்தும் வேட்டையும் வழக்கம்போல நடக்கும். இருநூறு வருஷம் கழிச்சு அரசியல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தாங்க. நல்லா வேர்விட்ட ரெண்டு ஜனநாயக நாடுகள் ஒண்ணோட ஒண்ணு முழுப்போர் செஞ்சது ரொம்ப ரொம்ப அபூர்வம். அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் டாயில் 1983-ல எழுதின கட்டுரைகளுக்கு அப்புறம் இது உலகம் பூரா விவாதம் ஆச்சு.

'சரி, தியரி ஓகே. ப்ராக்டிகல்?'னு கேக்கறீங்களா? லேப், செஞ்சியிலிருந்து 70 கிலோமீட்டர்லயே இருக்கு!

பீச்சுக்குப் போன தூண்கள்

பாண்டிச்சேரி பீச் ரோட்டுல காந்தி சிலை முன்னாடி போட்டோ எடுத்துக்காதவங்க யாராவது உண்டா? அடுத்த தடவை போகும்போது காந்தியைச் சுத்தி நிக்கற எட்டுக் கல் தூண்களைப் பாருங்க. செம வேலைப்பாடு. அதெல்லாம் செஞ்சியிலிருந்து போனது! 1750-ல பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, யாராலும் பிடிக்க முடியாதுன்னு சொன்ன இந்தக் கோட்டையை ஒரே ராத்திரியில பிடிச்சார். அதுக்கப்புறம் இங்கே பதினொரு வருஷம் பிரெஞ்சுக் கொடி.

ஐரோப்பாவுல ஏழாண்டுப் போர் மூண்டப்போ, அதோட குண்டுகள் நம்ம வந்தவாசியில வெடிச்சது. 1760-ல வந்தவாசியில தோத்து, 1761 ஜனவரியில பாண்டிச்சேரியையும் விட்ட பிரெஞ்சுக்காரங்க, அதே ஏப்ரல்ல கடைசியா செஞ்சியையும் விட்டாங்க. சண்டையை ஆரம்பிச்சவங்களும் முடிச்சவங்களும் பாரீஸ்லயும் லண்டன்லயும் இருந்தாங்க. ஒரு குறிப்பு: அப்பவே லண்டன்ல பார்லிமென்ட் இருந்தது. ஆனா செஞ்சிக்காரனுக்கு அங்கே ஓட்டு இல்லை. இந்த பாயின்ட்டை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரும்.

இப்போ ஃபாஸ்ட் ஃபார்வர்டு. 1947. ஆங்கிலேயர் போயாச்சு. ஆனா பாண்டிச்சேரியில பிரெஞ்சுக் கொடி, கோவாவுல போர்ச்சுகல் கொடி. ரெண்டு பேருமே 'போக மாட்டோம்'னு உக்காந்திருந்தாங்க. இந்தியாவுல அதே நேரு, அதே அரசாங்கம், அதே கோரிக்கை. எதிர்ப்பக்கம் மட்டும் வேற வேற. பிரான்ஸ்ல தேர்தல், பார்லிமென்ட், திட்டித் தீர்க்கற பத்திரிகைகள். போர்ச்சுகல்ல 1932-லிருந்து சலாசர்னு ஒரே ஆள், வாயைத் திறந்தா ஜெயில்.

பிரான்ஸ் ஒண்ணும் புத்தர் இல்லை. 1936 ஜூலை 30-ல பாண்டிச்சேரி சவானா மில்லுல உரிமை கேட்ட தொழிலாளிகள் மேல சுட்டு 12 பேரைக் கொன்ன ஆட்சிதான். ஆனா, அதுக்கு ஒரு பிரேக் இருந்தது. 1954 மே மாசம் வியத்நாம்ல தியன் பியன் பூவுல பிரெஞ்சுப் படை தோத்துது. பார்லிமென்ட்ல அரசாங்கமே கவிழ்ந்தது. ஜூன்ல புதுப் பிரதமரா வந்தவர் பியர் மென்டஸ் பிரான்ஸ். வியத்நாம் போரை முடிக்கிறேன்னு வாக்குக் கொடுத்து வந்தவர். முடிச்சும் காட்டினார். அவர் காலத்துலதான் பாண்டிச்சேரிப் பேச்சும் கனிஞ்சது.

1954 அக்டோபர் 18. பாண்டிச்சேரி பக்கத்துல கீழூர்னு ஒரு குட்டி கிராமம். பிரெஞ்சுப் பகுதிகளோட மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேரணும்னு 170 பேர், வேண்டாம்னு 8 பேர். நவம்பர் 1-ல நிர்வாகம் கை மாறிடுச்சு. படையெடுப்பு இல்லை, முற்றுகை இல்லை! செஞ்சியில ஒரு கொடியை மாத்த எட்டு வருஷப் போர் வேணும். கீழூர்ல ஒரு ஓட்டுப்பெட்டி போதுமா இருந்தது. அந்த எட்டுப் பேரும் தோத்தாங்க, ஆனா தலை போகலை பாருங்க. அதுதான் வித்தியாசம்!

கோவாவுக்கு மட்டும் ஏன் ராணுவம்?

சலாசர் என்ன பண்ணினார்? 'கோவா எங்க காலனியே இல்லை, போர்ச்சுகலோட மாகாணம்'னு 1951-ல சட்டத்தையே திருத்தி வெச்சுக்கிட்டார். 1955 ஆகஸ்ட் 15-ல ஆயுதம் இல்லாம எல்லையைத் தாண்டிப் போன சத்யாகிரகிகள் மேல துப்பாக்கிச் சூடு. இருபது பேருக்கு மேல செத்தாங்க. லிஸ்பன்ல யாரும் கேள்வி கேக்க முடியலை. கேள்வி கேக்கற பார்லிமென்ட்டும் இல்லை, பேப்பரும் இல்லை.

கடைசியில 1961 டிசம்பர்ல இந்திய ராணுவம் நுழைஞ்சது. சுமார் 36 மணி நேரத்துல மேட்டர் ஓவர். 'சரணடையக் கூடாது, ஜெயிச்சுட்டு வாங்க, இல்லேன்னா செத்துப்போங்க'ங்கற ரேஞ்சுல சலாசர்கிட்டேயிருந்து உத்தரவு. நல்லவேளை, அங்கே இருந்த கவர்னர் ஜெனரல் வசாலோ எ சில்வா, வீணா உயிர் போக வேண்டாம்னு சரணடைஞ்சார். அதுக்குப் பரிசா ஊருக்குப் போனதும் ராணுவத்துலேர்ந்தே தூக்கினாங்க!

ட்விஸ்ட் இனிமேதான். கோவா போனதையே போர்ச்சுகல் பதிமூணு வருஷம் ஒத்துக்கலை. 1974 ஏப்ரல் 25-ல அங்கே புரட்சி வந்து சர்வாதிகாரம் கவிழ்ந்தது. அதே வருஷம் டிசம்பர் 31-ல, கோவா இந்தியாவோடதுன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு. வசாலோ எ சில்வாவுக்கும் மரியாதை திரும்பக் கிடைச்சது. இந்தியா மாறலை, கோவா மாறலை. லிஸ்பன்ல ஆட்சி முறை மாறிச்சு, பகை போயிடுச்சு.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. தென் அமெரிக்காவுல அர்ஜென்டினாவும் சிலியும் மூணு குட்டித் தீவுகளுக்காக 1978-ல போர் விளிம்பு வரைக்கும் போனாங்க. ரெண்டு பக்கமும் ராணுவ ஆட்சி. 1983-ல அர்ஜென்டினாவுல தேர்தல் வந்தது. 1984 நவம்பர்ல, 'சமாதானம் செஞ்சுக்கலாமா?'ன்னு அரசாங்கம் ஜனங்ககிட்டயே கேட்டுச்சு. ஓட்டுப் போட்டவங்கள்ல 80 சதவிகிதத்துக்கும் மேல 'சரி'ன்னாங்க. தீவைவிட உயிர் பெரிசுன்னு ஜனங்களுக்குத் தெரியும். கேக்கத்தான் ஆள் வேணும்.

ஓட்டு இருந்தா போதுமா?

'ஆஹா, அப்போ எலெக்‌ஷன் வந்துட்டா எங்கும் சமாதானம்தானா?' அவசரப்படாதீங்க. இங்கேதான் பரீட்சையில பத்து மார்க் கேள்வி வருது.

பாண்டிச்சேரியை பிரான்ஸ் அமைதியாக் கைமாத்தின தேதி 1954 நவம்பர் 1. அதே நாள்தான் அல்ஜீரியாவுல விடுதலைப் போர் வெடிச்சது. அதே பிரான்ஸ், அதே பார்லிமென்ட், அதே மென்டஸ் பிரான்ஸ்! ஆனா அங்கே 1962 வரைக்கும் ரத்த ஆறு. ஏன்? அல்ஜீரியாவுல சுமார் பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள். மண்ணின் மக்களோ எண்பது லட்சத்துக்கும் மேல. ஆனா உள்ளூர் சபையில இவங்களுக்கு 60 சீட், அவங்களுக்கும் 60 சீட்! ஒருத்தர் ஓட்டுக்குப் பல பேர் ஓட்டு சமம்னு கணக்கு. பேர்தான் ஜனநாயகம்.

இன்னும் பக்கத்துல வருவோம். கடல் தாண்டி முப்பது கிலோமீட்டர். இலங்கையில 1956-ல தேர்தல் மூலமா வந்த பண்டாரநாயகா அரசுதான் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்தது. 1957 ஜூலையில அதே பண்டாரநாயகா, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோட உக்காந்து ஒரு நியாயமான ஒப்பந்தம் போட்டார். எதிர்க்கட்சி என்ன பண்ணிச்சு? 'விட்டுக்கொடுத்துட்டார்'னு ஊர்வலம் கிளம்பிச்சு. 1958 ஏப்ரல்ல பிக்குகள் அவர் வீட்டு முன்னாடி வந்து உக்காந்தாங்க. ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டார். அடுத்த மாசமே கலவரம். பெரும்பான்மையை யார் அதிகமா உசுப்பேத்தறதுன்னு போட்டி வந்துட்டா, ஓட்டுப்பெட்டியே தீப்பெட்டி ஆயிடும்!

அதுக்கும் முன்னாடி, 1948-49-லயே மலையகத் தமிழர்கள்ல லட்சக்கணக்கானவங்க குடியுரிமையையும் ஓட்டையும் இழந்துட்டாங்க. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்! ரெண்டு பக்கமும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள்தான். ஆனா அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேர்கிட்ட யாரும் ஓட்டு எடுக்கலை. 1982-ல இலங்கை அரசு பொதுத்தேர்தலையே நடத்தாம, ஒரு வாக்கெடுப்பு வெச்சு பார்லிமென்ட்டை ஆறு வருஷம் நீட்டிச்சது. அடுத்த வருஷம் ஜூலை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

எதிர் உதாரணமும் சொல்லிடறேன், நியாயமா இருக்கணும் இல்லையா? 1999 பிப்ரவரியில வாஜ்பாய் பஸ்ல லாகூர் போய், தேர்தல்ல ஜெயிச்ச நவாஸ் ஷெரீஃபோட கை குலுக்கினார். மே மாசம் கார்கில்! அக்டோபர்ல ஷெரீஃபைக் கவிழ்த்துட்டு ஆட்சியைப் பிடிச்சார் ராணுவத் தளபதி முஷரஃப். ஆனா எல்லையில துப்பாக்கிகளை அமைதியாக்கின 2003 நவம்பர் ஒப்பந்தம் வந்தது அதே முஷரஃப் காலத்துலதான். சர்வாதிகாரியாலும் சமாதானம் பேச முடியும், உண்மை. சிக்கல் என்னன்னா, அது ஒரு ஆளோட சட்டைப் பையில இருக்கற சமாதானம். 2008-ல அவர் பதவி போச்சு, ரகசியமா நடந்த பேச்சுகளும் அவரோடவே போச்சு. 2025 மே மாசம் ரெண்டு நாடும் நாலு நாள் ஏவுகணையும் ட்ரோனுமா மோதிக்கிட்டதை நாமே டி.வி.யில பார்த்தோம்.

ஆக, கேள்வி 'தேர்தல் நடக்குதா?'ங்கறது மட்டும் இல்லை ப்ரெண்ட்ஸ். 'அந்த முடிவால யாரோட வீடு எரியுமோ, அவங்களுக்கு ஓட்டு இருக்கா?' இதுதான் நிஜக் கேள்வி. லண்டன் பார்லிமென்ட்ல செஞ்சிக்கு ஓட்டு இல்லை. அல்ஜீரியாவுல மண்ணின் மக்களுக்கு முழு ஓட்டு இல்லை. மலையகத்துக்கு ஓட்டே இல்லை. எங்கெல்லாம் பாதிக்கப்படறவன் பேச முடியலையோ, அங்கெல்லாம் ஜனநாயகமும் பாதி ராஜாவா நடந்துக்குது. அதுக்குத்தான் ஓட்டோட சேர்த்து கோர்ட்டும் வேணும், பத்திரிகையும் வேணும், சிறுபான்மைக்குப் பாதுகாப்பும் வேணும். ஓட்டு மட்டும்னா, அது வெறும் தலை எண்ணற வேலை.

மரக்காணம் பக்கம் ஒரு பார்வை

இதெல்லாம் வரலாற்றுப் பாடம்னு ஒதுக்கிடாதீங்க. இதே விழுப்புரம் மாவட்டத்துல, மரக்காணம் பக்கத்துல கீழ்புத்துப்பட்டுன்னு ஒரு ஊர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 1958-ல கிழிஞ்ச அந்தக் காகிதத்தோட கடைசித் துண்டு அங்கேதான் வந்து விழுந்திருக்கு. தமிழ்நாட்டு முகாம்கள்ல பிறந்து, நம்ம ஸ்கூல்ல படிச்சு, நம்ம காலேஜ்ல பக்கத்து பெஞ்சுல உக்கார்ற பசங்க உண்டு. பதினெட்டு வயசானதும் நமக்கு வாக்காளர் அட்டை வருது. அகதியா பதிவான அவங்களுக்கு வர்றதில்லை. இலங்கையிலும் ஓட்டுப் போட்டதில்லை, இங்கேயும் இல்லை. ரெண்டு அரசாங்கம் அவங்களைப் பத்தி முடிவெடுக்குது. கேக்கறதுக்கு ஆள் இல்லை.

'நல்ல சர்வாதிகாரி வரணும்'னு சொல்ற நண்பர்களுக்கு என்கிட்ட இருக்கற ஒரே பதில் இதுதான். சர்வாதிகாரின்னா, நாம எல்லாரும் அந்த முகாம் பையன் மாதிரி ஆகறது. நம்மைப் பத்தின முடிவு எங்கேயோ நடக்கும். நல்லதா அமைஞ்சா அதிர்ஷ்டம். கெட்டதா அமைஞ்சா எட்டு வருஷ முற்றுகை. நாம வயல்ல நெல்லை அறுத்துக் களஞ்சியத்துல கொட்டிட்டுக் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

நம்ம தேர்தல்ல ஆயிரம் ஓட்டை இருக்கு, இல்லேங்கலை. ஆனா நமக்குப் பிடிக்காத ஆட்சியை, ஒரு கல்லைக்கூடத் தூக்காம, விரல்ல ஒரு சொட்டு மையோட இறக்க முடியுது. தேசிங்குவோட 22 வயசுல அவருக்கு அந்த வழி இல்லை. நமக்கு 18-லயே இருக்கு!

செஞ்சிக்குக் கிளம்பறீங்களா?

சென்னையிலிருந்து திருவண்ணாமலை போற பஸ்கள் செஞ்சி வழியாப் போகும். திண்டிவனம், விழுப்புரம், பாண்டிச்சேரியிலிருந்தும் பஸ் இருக்கு. ஊருக்குள்ள இறங்கி ஷேர் ஆட்டோவோ நடையோ உங்க சாய்ஸ். கோட்டை, தொல்லியல் துறை கட்டுப்பாட்டுல இருக்கு. டிக்கெட் உண்டு. வெயில் ஏறறதுக்கு முன்னாடி, காலையிலேயே ராஜகிரியை முடிச்சுடுங்க. தண்ணி பாட்டில் கட்டாயம், பிஸ்கட்டைக் குரங்குங்க கண்ணுல காட்டாதீங்க. கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

2025 ஜூலையில யுனெஸ்கோ, மராட்டியர் ராணுவக் கோட்டைகள்னு பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. பதினொண்ணு மகாராஷ்டிரத்துல, பன்னிரண்டாவது நம்ம செஞ்சி! அதனால பெருமையா ஏறுங்க, தயவுசெஞ்சு சுவத்துல ஆளோட இனிஷியலைப் போட்டு ஹார்ட்டின் வரையாதீங்க. ஏற்கெனவே பல பேர் இந்த மலை மேல தங்க பேரை எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் பேரும் நிலைக்கலை!